ஊதி அணைத்த மெழுகுவத்தியும் ஒரு கூடை ரோஜாவும்: ஆல்டிஹைடு மலர் சென்ட் கலக்கும் முறை

ஆரஞ்சுத் தோலை மடக்கிப் பிழிந்தால் கண்ணில் தெறிக்கும் நெடி, அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவத்தியின் புகை, விரலில் கசக்கிய கொத்தமல்லித் தழை. மூன்றையும் அடுத்தடுத்து முகர்ந்தால் உள்ளே ஒரே இழை ஓடுவது தெரியும். அந்த இழைதான் கொழுப்பு ஆல்டிஹைடு. கொத்தமல்லித் தழையில் டெக்கனாலும் அதன் நெருங்கிய உறவுகளும் இருக்கின்றன. அதே டெக்கனால் சென்ட் கடைகளில் 'ஆல்டிஹைடு சி-10' என்ற பெயரில் விற்கிறது.

ரோஜா, மல்லி, இலாங்-இலாங் சேர்ந்த பூங்கொத்தின் தலையில் இவற்றைச் சிறிதளவு வைத்தால் ஒரே பூவின் வாடை அடங்கி, வெளுத்து, இஸ்திரி போட்ட துணி போன்ற ஒரு பளபளப்பு வருகிறது. சென்ட் வல்லுநர் எர்னெஸ்ட் போ 1921-இல் ஷனெல் நம்பர் 5-ஐ இப்படித்தான் அமைத்தார். 1927-இல் லான்வனின் ஆர்பேஜ், 1961-இல் எர்மெஸின் கலேஷ், 1978-இல் எஸ்டே லாடரின் வைட் லினன் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அதற்கும் முன்னால், 1912-இலேயே ஊபிகானின் கெல்க் ஃப்ளெர் ஆல்டிஹைடைத் தொட்டுவிட்டது. உதவியாளர் கை தவறி அதிகம் ஊற்றியதால்தான் நம்பர் 5 பிறந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. மாஸ்கோவில் ராலே என்ற சென்ட் நிறுவனத்தில் இருந்த காலத்திலேயே போ இந்தப் பொருள்களைக் கையாண்டவர். காம்பவுண்டில், அதாவது ஆல்கஹால் சேர்க்கும் முன்புள்ள வாசனைக் கலவையில், அரை சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகிறது என்று ஒருமுறை கலந்து பார்த்தவர்கள் அந்தக் கதையை நம்பமாட்டார்கள்.

கீழே இருப்பது நம்பர் 5-இன் நகல் அல்ல. அந்த வகையைச் சேர்ந்த ஒரு எளிய அமைப்பு. ஒரே அடிக் கலவையை மூன்று குப்பிகளில் பிரித்து, ஆல்டிஹைடை மட்டும் மூன்று அளவில் போட்டுப் பார்க்கப்போகிறோம். இந்த வகை சென்ட்டில் பாதி வேலை அளவைக் கண்டுபிடிப்பதுதான். அதை எழுதிச் சொல்லித் தர முடியாது, முகர்ந்துதான் பிடிக்க வேண்டும்.

எந்த ஆல்டிஹைடு

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 'ஆல்டிஹைடு சி-14' என்று விற்பது ஆல்டிஹைடே இல்லை, பீச் பழ வாடை தரும் லாக்டோன். சி-16 ஸ்ட்ராபெரிக்கானது, சி-18 தேங்காய்க்கானது. பழைய வணிகப் பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டன. நமக்கு வேண்டியவை மூன்று: சி-10, சி-11 அன்டெசிலினிக், சி-12 எம்.என்.ஏ. (மெத்தில் நோனைல் அசிட்டால்டிஹைடு).

சி-10 ஆரஞ்சுத் தோல் பக்கம் சாயும், முன்னால் பாயும். சி-11 அன்டெசிலினிக்தான் மூன்றிலும் 'சுத்தமான' வாடை. நல்ல சோப்புக் கட்டியின் உறையைப் பிரித்த கணம் போல இருக்கும், ரோஜாவோடு உடனே ஒட்டும். சி-12 எம்.என்.ஏ. கொஞ்சம் வறண்டது. உலோகமும் சாம்பிராணியும் கலந்த சாயல் கொண்டது, மற்ற இரண்டையும்விட அதிக நேரம் நிற்கும். சி-12 லாரிக் என்று இன்னொன்றும் உண்டு. அது எம்.என்.ஏ. அல்ல, குப்பியின் மேல் 'சி-12' என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று கேட்டு வாங்குங்கள்.

எதையும் சுத்தமான நிலையில் மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். நூறு சதவீத டெக்கனால் காறிப்போன எண்ணெய் போல அடிக்கும், விரலில் பட்டால் மூன்று முறை சோப்புப் போட்டாலும் போகாது. 1 சதவீதத்துக்கு இறக்கிக் காகிதப் பட்டையில் தொட்டு முகர்ந்தால்தான் அதன் உண்மை முகம் தெரியும்.

கரைசல் தயாரிப்பு

ஆல்டிஹைடு காற்று பட்டால் அமிலமாக மாறும். டெக்கனாலிலிருந்து வருவது டெக்கனாயிக் அமிலம், அதன் வாடை ஆட்டுக் கொட்டகை. அதோடு சில ஆல்டிஹைடுகள் தமக்குள்ளேயே மூன்று மூன்றாகச் சேர்ந்து வெள்ளைப் படிவாக இறங்கும். இதனால் வாங்கிய அன்றே 10 சதவீதக் கரைசலாக்கி வைப்பது நல்லது.

வழக்கமாக எல்லாவற்றுக்கும் டிபிஜி என்கிற டைப்ரோப்பிலீன் கிளைகோலைப் பயன்படுத்துவார்கள். ஆல்டிஹைடுக்கு மட்டும் அதைத் தவிர்த்து ட்ரைஎதில் சிட்ரேட் எடுத்துக்கொள்ளுங்கள். டிபிஜி ஒரு ஆல்கஹால் வகை, நாள்பட அது ஆல்டிஹைடோடு வினைபுரிந்து அதை அசிட்டல் என்ற வேறு சேர்மமாக மாற்றும், வீரியம் குறையும். ட்ரைஎதில் சிட்ரேட்டில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

15 மி.லி. பழுப்புக் கண்ணாடிக் குப்பியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, ஆல்டிஹைடு 1.00 கிராம், ட்ரைஎதில் சிட்ரேட் 9.00 கிராம், வைட்டமின் ஈ எண்ணெயில் ஊசிமுனை அளவு ஒரு பொட்டு. மூன்றுக்கும் மூன்று குப்பிகள். தேதி எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். மிச்சம் இருக்கும் சுத்த ஆல்டிஹைடையும் அங்கேயே, முடிந்தவரை சிறிய குப்பிக்கு மாற்றி, கழுத்துவரை நிரப்பி வையுங்கள். குப்பியில் காலி இடம் என்றால் காற்று என்று பொருள்.

பிறகு இந்த மூன்றையும் கூட்டி ஒரு கலவை செய்துகொள்ளுங்கள்: சி-10 கரைசல் 1.00 கிராம், சி-11 கரைசல் 1.50, எம்.என்.ஏ. கரைசல் 1.50. மொத்தம் 4.00 கிராம். இதை 'ஆல்டிஹைடு கூட்டு' என்று அழைப்போம். இன்றைய வேலைக்கு இதில் 0.72 கிராம்தான் போகும். மீதி ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

தராசும் சாமானும்

துளிக் கணக்கில் கலக்காதீர்கள். ஒரு துளி பச்சோலியும் ஒரு துளி லினலூலும் ஒரே எடை இல்லை. ஒரே டிராப்பரில்கூட முதல் துளியும் பத்தாவது துளியும் ஒன்றாக இருப்பதில்லை. 0.001 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும். 0.01 காட்டும் தராசில் 0.05 கிராம் எடை போட்டால் பிழை ஐந்தில் ஒரு பங்குவரை போகலாம், இண்டோல் போன்ற பொருளில் அது பெரிய சேதம். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனி பிளாஸ்டிக் பைப்பெட். ஒன்றைக் கழுவி இன்னொன்றுக்குப் போடும் சிக்கனம் இங்கே வேண்டாம். நைட்ரைல் கையுறை, 30 மி.லி. பழுப்புக் குப்பிகள் நான்கு, 10 மி.லி. ஒன்று, 25 மி.லி. பீக்கர், முகர்வதற்கான காகிதப் பட்டைகள், நோட்டுப் புத்தகம். நோட்டுப் புத்தகம் தராசுக்கு அடுத்தபடி முக்கியம். சூத்திரத்தில் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில், உண்மையில் விழுந்த எண்ணை எழுதுங்கள்.

அடிக் கலவை, 9.20 கிராம்

கீழே உள்ள வரிசையிலேயே சேர்க்கவும். எடை எல்லாம் கிராமில்.

பினைல் எத்தில் ஆல்கஹால் 1.00
கூமரின் 0.10
பென்சில் அசிடேட் 0.30
வெனிலின், டிபிஜியில் 10% கரைசல் 0.20
எத்திலீன் பிராசிலேட் 0.90
கேலக்சோலைடு 50% 0.50
வெட்டிவெரில் அசிடேட் 0.70
சாண்டலோர் 0.40
பச்சோலி எண்ணெய் 0.05
மெத்தில் அயோனோன் 0.80
ஹெடியோன் 1.30
ஹெக்சில் சின்னமால் 0.40
ஹைட்ராக்சிசிட்ரோனெல்லால் 0.40
சிட்ரோனெல்லோல் 0.40
ஜெரானியோல் 0.20
ஜாதிமல்லி அப்சொல்யூட் (பூவின் செறிந்த சாறு) 0.10
இண்டோல், டிபிஜியில் 10% கரைசல் 0.05
இலாங்-இலாங் எண்ணெய், 'எக்ஸ்ட்ரா' தரம் 0.40
லினலூல் 0.30
பெட்டிட்கிரெய்ன் எண்ணெய் 0.10
பெர்கமாட் எண்ணெய், எஃப்.சி.எஃப். வகை 0.60

கூமரின் பொடி. அதை முதல் இரண்டு நிமிடத்திலேயே கரைத்துவிட வேண்டும், கடைசியில் போட்டால் அடியில் மணல் போலக் கிடக்கும். கரைய மறுத்தால் குப்பியை 40 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். பெர்கமாட் சேர்வதற்கு முன்பாக மட்டுமே இந்தச் சூடு. கேலக்சோலைடு தேன் போல இழுக்கும், பைப்பெட் நுனியைக் கத்தரித்து அகலமாக்கினால் சிரமம் இல்லை.

சிட்ரோனெல்லோலும் சிட்ரோனெல்லாலும் ஒரு எழுத்து வித்தியாசம். பின்னது கொசுவத்தி வாடை. இணையத்தில் ஆர்டர் போடும்போது மாறிப்போய் மொத்தக் கலவையும் வீணாவது சாதாரணமாக நடக்கிறது.

அளவு தவறி விழுந்தால்? பினைல் எத்தில் ஆல்கஹால் 1.00-க்குப் பதில் 1.04 விழுந்தால் எழுதிவிட்டு மேலே போங்கள். இண்டோல் 0.05-க்குப் பதில் 0.09 விழுந்தால் அப்படி விட முடியாது. ஒன்று, மற்ற எல்லாவற்றையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும். இல்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பயத்தாலேயே இண்டோல் கரைசலைத் தனியாக ஒரு சிறு பீக்கரில் எடை போட்டு, ஹெடியோனில் ஒரு பங்கைக்கொண்டு அலசி ஊற்றுவது நல்ல பழக்கம்.

மல்லியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்

போவின் அமைப்பைத் தாங்கி நின்றது தென் பிரான்சின் கிராஸ் ஊர் மல்லி. அது நம் குண்டுமல்லி அல்ல. ஜாதிமல்லி அல்லது பிச்சி என்று நாம் சொல்லும் இனம். அதே இனத்தைத் தமிழ்நாட்டில் பயிரிட்டு, கரைப்பானில் வடித்துக் கான்கிரீட் என்ற மெழுகு கலந்த சாறாகவும் அப்சொல்யூட்டாகவும் வெளிநாட்டுச் சென்ட் நிறுவனங்களுக்கு அனுப்பிவருகிறார்கள். ஆகவே இந்த ஒரு பொருளுக்கு நீங்கள் பிரான்சைத் தேட வேண்டியதில்லை.

குண்டுமல்லி அப்சொல்யூட் போடலாமா என்றால், போடலாம், ஆனால் வேறு சென்ட் கிடைக்கும். குண்டுமல்லியில் பச்சை வாடையும் ஆரஞ்சுப்பூச் சாயலும் தூக்கல், ஆல்டிஹைடின் கூர்மையோடு சேரும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். ஜாதிமல்லியில் பழுத்த பழத்தின் இனிப்பு இருப்பதால் மெழுகு வாடையை அது விழுங்கிக்கொள்கிறது.

இண்டோல் எதற்கு? காலையில் வாங்கிய மல்லிச் சரம் மறுநாள் காலை தலையணையில் பழுப்பேறிக் கிடக்குமே, அந்தக் கனத்த வாடையின் பெரும்பங்கு இண்டோல். தனியாக முகர்ந்தால் அந்துருண்டை. அடிக் கலவை முழுவதற்கும் ஐந்து மில்லிகிராம் இருந்தால் போதும், ஹெடியோனும் பென்சில் அசிடேட்டும் சேர்ந்த செயற்கை மல்லிக்கு உயிர் வந்துவிடும். இரட்டிப்பாக்கினால் பிணத்துக்குப் போட்ட மாலை.

ஹெடியோன் 1921-இல் கிடையாது. அது பரவலானது 1966-இல் வந்த டியோரின் ஓ சொவாஷுக்குப் பிறகு. அந்தக் காலத்தில் மல்லி அப்சொல்யூட்டைத் தாராளமாக ஊற்றினார்கள். அந்தச் செலவைச் செய்ய முடியாதவர்களுக்கு ஹெடியோன் பெரிய வரம். அது காற்றோட்டத்தைக் கொடுக்கும், மல்லியை விரிக்கும். ஜாதிமல்லி 0.10 கிராமை அறவே விட்டுவிட்டால் சென்ட் வந்துவிடும், ஆனால் நடுப்பகுதி தட்டையாக இருக்கும். அப்படி விட நேர்ந்தால் இலாங்-இலாங்கை 0.50 ஆக்குங்கள். அது நம் மனோரஞ்சிதத்தின் குடும்பம்தான். வாழைப்பழமும் கிராம்பும் கலந்த அதன் இனிப்பு இடைவெளியை ஓரளவு மூடும்.

மற்றவை சுருக்கமாக. பினைல் எத்தில் ஆல்கஹால், சிட்ரோனெல்லோல், ஜெரானியோல் மூன்றும் ரோஜாவின் எலும்பு. மெத்தில் அயோனோன் முகப்பவுடர் போன்ற மென்மையைத் தருகிறது. இந்த வகை சென்ட்டுகளின் 'அம்மாவின் அலமாரி' வாடைக்கு அதுதான் காரணம். வெட்டிவெரில் அசிடேட் நம் வெட்டிவேரிலிருந்து எடுத்த எண்ணெயை மென்மையாக்கிச் செய்தது. மண் வாடை போய், வறண்ட மர வாடை மட்டும் மிஞ்சும். அதற்குப் பதில் வெட்டிவேர் எண்ணெயையே போட்டால் அடியில் ஈர மண் கிளம்பி ஆல்டிஹைடின் பளபளப்பை மங்கவைக்கும்.

பெர்கமாட்டில் மட்டும் சமரசம் கிடையாது. எஃப்.சி.எஃப். என்றால் வெயில் பட்டால் தோலைக் கருக்கும் பெர்காப்டென் என்ற பொருளை நீக்கியது. நீக்காத பெர்கமாட்டுக்குச் சர்வதேச வாசனைப் பொருள் அமைப்பான இஃப்ரா தோலில் தங்கும் பொருள்களில் வைத்த உச்சவரம்பு 0.4 சதவீதம். நம் சென்ட்டில் அது 0.9 சதவீதம் வரும். நம் ஊர் வெயிலில் கழுத்தில் பழுப்புத் திட்டு நிச்சயம்.

பழைய சூத்திரங்களை இணையத்தில் பார்த்தால் லிலியால், லைரல், மஸ்க் அம்பிரெட் என்று வரும். லிலியால் 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. லைரலும் அங்கே தடைதான். மஸ்க் அம்பிரெட்டை இஃப்ரா வெகு காலம் முன்பே விலக்கிவிட்டது. கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம்.

மூன்று குப்பிகள்

அடிக் கலவையை மூடி, நன்றாகக் குலுக்கி, இருட்டில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு:

அ குப்பி: அடிக் கலவை 2.88 கிராம், ஆல்டிஹைடு கூட்டு 0.12
ஆ குப்பி: அடிக் கலவை 2.76, கூட்டு 0.24
இ குப்பி: அடிக் கலவை 2.64, கூட்டு 0.36

ஒவ்வொன்றும் 3.00 கிராம் காம்பவுண்ட். கூட்டு 10 சதவீதக் கரைசல் என்பதால், சுத்த ஆல்டிஹைடு கணக்கில் அ-வில் 0.4 சதவீதம், ஆ-வில் 0.8, இ-யில் 1.2. காகிதத்தில் பார்த்தால் அற்பமான வேறுபாடு. மூக்குக்கு அது மூன்று வேறு சென்ட்.

ஆல்டிஹைடைக் கடைசியில் சேர்ப்பதற்குக் காரணம், அது முன்னாலேயே உள்ளே இருந்தால் ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும் ஆவியாவதும் காற்றோடு வினைபுரிவதும் அதுதான்.

ஒவ்வொரு குப்பியிலும் 17.00 கிராம் ஆல்கஹால் ஊற்றுங்கள், ஏறக்குறைய 21 மி.லி. மொத்தம் 20 கிராம், 15 சதவீதச் செறிவு, அதாவது ஓ த பர்ஃப்யூம் வலிமை.

ஆல்கஹால் என்றால் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனால், சென்ட் தயாரிப்புக்கென விற்கும் வகை. இந்தியாவில் எத்தனால் மாநில ஆயத்தீர்வைத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆகவே உரிமம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள். மர பாலிஷுக்கு விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும், தோல்வழியே உடம்பில் ஏறும் விஷம், தொடவே கூடாது. சானிட்டைசரில் வரும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் விஷம் என்ற அளவுக்கு இல்லாவிட்டாலும், ஊசி போடும் அறையின் நெடி முதல் பத்து நிமிடத்தைக் கெடுத்துவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தானே இத்தனை பாடு. எத்தனால் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவத்தி எதுவும் எரியாத அறையில் செய்யுங்கள்.

ஆல்கஹாலுக்குப் பதில் எண்ணெயில் கரைத்து அத்தர் போலச் செய்யலாமா என்று பலர் கேட்பதுண்டு. செய்யலாம், ஆனால் இந்த வகைக்கு அது ஒத்துவராது. எண்ணெய் ஆல்டிஹைடைக் கட்டிப்பிடித்து வைத்துக்கொள்ளும். ஆல்கஹால் சட்டென்று ஆவியாகும்போது கூடவே தூக்கிச் செல்லும் அந்த முதல் வீச்சு எண்ணெயில் இல்லை.

ஊற வைத்தல்

கலந்த அன்று முகர்ந்துவிட்டுத் தோற்றுப்போனதாக நினைக்காதீர்கள். முதல் நாள் கூர்மையாக, உலோகத் தகட்டை நக்கியது போல இருக்கும். எத்தனாலோடு ஆல்டிஹைடு மெதுவாக வினைபுரிந்து ஒரு பகுதி அசிட்டலாக மாறும்போது முனை மழுங்குகிறது. முன்பு கரைசலில் நாம் தவிர்த்த அதே வினைதான், இங்கே நமக்கு வேண்டியிருக்கிறது. நான்கு வாரம் இருட்டில், வீட்டின் குளிர்ந்த மூலையில். வாரம் ஒருமுறை மெதுவாகச் சாய்த்து நிமிர்த்தினால் போதும்.

நான்காம் வாரத்துக்குப் பிறகு குப்பியை இறுக மூடி இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மல்லி அப்சொல்யூட்டின் மெழுகு நூல் நூலாகத் திரண்டு வரும். குளிர் இறங்குவதற்கு முன்பே வடிதாளில் வடித்துவிடுங்கள். வாட்மேன் 1 தாள் சிறந்தது, காபி வடிதாளும் ஆகும். அறை வெப்பத்துக்கு வந்தபின் வடித்தால் மெழுகு மறுபடி கரைந்து உள்ளேயே போய்விடும்.

முகரும் முறை

மூன்று பட்டைகளில் அ, ஆ, இ என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வாடை கலக்கும். ஒரே ஆழத்துக்குத் தோய்த்து, ஒரு நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம், ஆறு மணி நேரம், மறுநாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் அ-வை எடுங்கள். இ-யிலிருந்து தொடங்கினால் மூக்கு மரத்துப்போய் மற்ற இரண்டும் வெறும் ரோஜாத் தண்ணீராகத் தெரியும். அயோனோனும் மஸ்க்கும்கூட மூக்கை ஏமாற்றும். திடீரென்று ஒன்றுமே இல்லாதது போல இருந்தால் பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு வாருங்கள். காபிக்கொட்டையை முகர்வதால் பெரிய பயன் இல்லை, உங்கள் சட்டைக் கையை முகர்ந்தாலே போதும்.

பட்டையில் பிடித்ததைத் தோலிலும் பாருங்கள். முழங்கை உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் காத்திருந்து, சிவப்போ அரிப்போ இல்லை என்றால் தொடரலாம். தோல் சூட்டில் ஆல்டிஹைடு பட்டையைவிட வேகமாக எழும். பட்டையில் ஆ சரியாக இருந்து, சித்திரை வெயிலில் தோலில் தலைவலி தந்தால் உங்களுக்கு அ-தான் ஏற்றது. ஏசி அறையில் உடுத்த இ-கூட அழகு. கடலோர ஊர்ப் புழுக்கத்தில் 0.4 முதல் 0.6 சதவீதத்துக்குள் நிற்பது புத்திசாலித்தனம்.

கெட்டுப்போகும் இடங்கள்

நான்கு வாரம் கழித்தும் மெழுகுவத்தி வாடை மட்டுமே முன்னால் நின்றால் ஆல்டிஹைடு அதிகம் என்று உடனே குறைக்கப் போகாதீர்கள். பல நேரம் குற்றம் பெர்கமாட்டில் இருக்கும். ஆல்டிஹைடுக்கும் பூவுக்கும் நடுவே எலுமிச்சைக் குடும்பம் பாலமாக நிற்க வேண்டும். பழைய பெர்கமாட் எண்ணெய் வீரியம் இழந்து டர்ப்பன்டைன் அடிக்கும், அப்போது பாலம் இடிந்துவிடும். புது பெர்கமாட்டால் சிறிதளவு கலந்து பாருங்கள், சரியாகாவிட்டால் மட்டும் ஆல்டிஹைடைக் குறையுங்கள்.

ஆட்டு வாடை, காறல் வாடை வந்தால் மருந்தில்லை. ஆல்டிஹைடு அமிலமாகிவிட்டது. கரைசல் குப்பியைப் பட்டையில் தொட்டு முகர்ந்து பாருங்கள். அங்கேயே காறினால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். இதனால்தான் ஒவ்வொரு கலவைக்கு முன்பும் கரைசலைத் தனியாக முகர வேண்டும். போவே தன் காலத்து ஆல்டிஹைடுகள் நிலையில்லாதவை என்று பின்னாளில் ஒரு சொற்பொழிவில் சொல்லியிருக்கிறார்.

சென்ட் பால் போலக் கலங்கினால் ஆல்கஹாலில் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது மெழுகு வடியவில்லை. முன்னதற்கு இன்னும் கொஞ்சம் சுத்த எத்தனால், பின்னதற்கு மறுபடி குளிர்வித்து வடித்தல். வெளிநாட்டுக் குறிப்புகளில் தண்ணீர் சேர்க்கச் சொல்வார்கள். 95 சதவீத எத்தனாலில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது, இந்தச் சிறு அளவுக்கு நீங்கள் தனியாகச் சேர்க்க வேண்டாம்.

நிறம் மஞ்சளாவது இயல்பு. இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் இண்டோலும் வெனிலினும் செய்யும் வேலை. வாடைக்குக் கேடில்லை, ஆனால் வெள்ளைப் புடவையில் அடித்தால் கறை தெரியும். ஆரஞ்சுப்பூ வாடை வேண்டும் என்று மெத்தில் அந்த்ரனிலேட்டைச் சேர்த்தால் நிறம் அடர் ஆரஞ்சாகும்; அது ஆல்டிஹைடுகளோடு ஷிஃப் பேஸ் என்ற சேர்மத்தை உண்டாக்கி, அந்த ஆல்டிஹைடுகளையே தின்றுவிடும். இந்தச் சூத்திரத்தில் அதற்கு இடமில்லை.

பத்து நிமிடம் பிரமாதம், பிறகு ஒன்றுமே இல்லை என்றால் எம்.என்.ஏ.-வின் பங்கு குறைவு அல்லது அது பழையது. கூட்டில் சி-10-ஐ 0.75-ஆகக் குறைத்து எம்.என்.ஏ.-வை 1.75 ஆக்குங்கள். மாறாக, நாள் முழுக்கத் தகர வாடை ஒட்டிக்கொண்டிருந்தால் அதே மாற்றத்தைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

வீட்டு உபயோகத்துக்கும் விற்பனைக்கும் வேறுபாடு உண்டு. விற்பதாக இருந்தால் இந்தியாவில் அழகுசாதனத் தயாரிப்பு உரிமம் வேண்டும், ஒவ்வொரு பொருளையும் இஃப்ரா வரம்போடு ஒப்பிட்ட கணக்கும் வேண்டும். நண்பருக்குப் பரிசாகக் கொடுக்கும் குப்பியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுவது நல்லது. ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஹைட்ராக்சிசிட்ரோனெல்லால், ஜெரானியோல், கூமரின் ஆகிய பெயர்களைத்தான்.

முடிந்த சென்ட்டைக் குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள், சூடும் ஈரமும் மாறி மாறி வரும் இடம் அது. பீரோவின் உள்தட்டு நல்லது. பாதிக்குமேல் தீர்ந்தபின் சிறிய குப்பிக்கு மாற்றுங்கள்.

அடிக் கலவையில் இன்னும் 0.92 கிராம் மிஞ்சியிருக்கும். அதைக் கொட்டாதீர்கள். சி-12 லாரிக்கின் 10 சதவீதக் கரைசல் 0.08 கிராம் மட்டும் சேர்த்து, 5.67 கிராம் ஆல்கஹால் ஊற்றி, 10 மி.லி. குப்பியில் அடைத்து ஆ குப்பிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆல்டிஹைடின் அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, வகைதான் வேறு. ஒரு மாதம் கழித்து இரண்டையும் பட்டையில் தொட்டு, சோப்பு எந்தப் பட்டையில் அடிக்கிறது, உலோகம் எந்தப் பட்டையில் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கலவைக்கு எந்த ஆல்டிஹைடைக் கூட்டுவது என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்வீர்கள்.